மலைக்கு ஏறும் வண்டி

எட்டியாந்தோட்டையிலோ பலாங்கொடையிலோ மோட்டார் சைக்கிள் விற்கும் கடைக்குத் தோட்டத்துக் குடும்பம் ஒன்று வந்தால், விலையையும் மைலேஜையும் பேசுவதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும்: "இது எங்க மேட்டு லயத்துக்கு ஏறுமா?" ஓட்டுபவர், பின்னால் மனைவி, மடியில் ஒரு பிள்ளை, பக்கத்தில் கட்டிய அரிசி மூட்டை. மழையில் ஊறி வழுக்கும் கருங்கல் பாதை. ஒரு வளைவு முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்த ஏற்றம். நகரத்தில் வண்டி வாங்குபவர் நிறத்தைப் பார்க்கலாம், வேகத்தைப் பார்க்கலாம். சப்ரகமுவத் தோட்டங்களில் எந்த வண்டி என்பதைப் பாதை முடிவு செய்கிறது. பாதைக்கு அடுத்தபடி, கையில் என்ன பத்திரம் இருக்கிறது என்பதும் யார் கடன் தருவார் என்பதும். இந்த மூன்றும் சேர்ந்து எழுதிய வரலாறு ஒன்று இங்கே இருக்கிறது. அதை யாரும் பெரிதாக எழுதிவைக்கவில்லை.

கேகாலையும் இரத்தினபுரியும் சேர்ந்ததுதான் சப்ரகமுவ மாகாணம். நுவரெலியாவைப் போலக் கண்ணுக்கெட்டிய மட்டும் தேயிலையாகப் படர்ந்த பூமி அல்ல இது. கீழே வயலும் சிங்களக் கிராமமும், அதற்கு மேலே இறப்பர், இன்னும் மேலே தேயிலை, அதற்கு நடுவே எங்காவது தொழிலாளர் குடியிருக்கும் லயம் என்று மாறி மாறி வரும். ஒரு தோட்டத்துத் தமிழ்க் குடும்பம் அடுத்த தோட்டத்து உறவைப் பார்க்கப் போக வேண்டுமானால், மலையிலிருந்து இறங்கி, கிராமத்தைக் கடந்து, பெரிய ரோட்டுக்கு வந்து, மறுபடி ஒரு மலை ஏற வேண்டும். இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. களு கங்கை பெருகினால் நகரமே நீருக்குள் போய்விடும். அந்த மழையில் தோட்டத்துப் பாதை என்ன பாடுபடும் என்பது அங்கே நடந்தவர்களுக்குத் தெரியும்.

இந்த மலைகளுக்கு முதலில் வந்த இயந்திர வாகனம் ரயில். களனிப் பள்ளத்தாக்குத் தேயிலை அதற்கு முன்பு மாட்டு வண்டியிலும் ஆற்றுப் படகிலும் கொழும்புக்குப் போனது. 2 அடி 6 அங்குல அகலமுள்ள குறும்பாதையாகக் களனிவெளி ரயில் 1902இல் அவிசாவளைக்கும், அடுத்த வருடம் எட்டியாந்தோட்டைக்கும் வந்தது. இன்னொரு கிளை 1912இல் இரத்தினபுரியையும் 1919இல் ஓப்பநாயக்கவையும் தொட்டது. தேயிலைப் பெட்டியும் இறப்பர்க் கட்டும் இறங்குவதற்குப் போட்ட பாதை அது. ஆட்களும் அதில் போனார்கள். எட்டியாந்தோட்டைக் கிளை 1942இல் மூடப்பட்டது. சிங்கப்பூர் விழுந்து, நேச நாடுகள் இயற்கை இறப்பருக்கு இலங்கையையே பெரிதும் நம்பியிருந்த அதே வருடம் அது. கேகாலை மரங்களில் பால் வெட்டு உச்சத்துக்குப் போன காலம். அவிசாவளைக்கு அப்பால் ஓப்பநாயக்க வரை ஓடிய ரயில் 1976இல் நின்றது. அதற்குப் பிறகு இரத்தினபுரி மாவட்டத்துக்கு ரயிலே இல்லை. தோட்டத்து ஆளுக்கு மிஞ்சியவை பஸ்ஸும் காலும்தான்.

ரயில் நிலையம் வரை வந்த தோட்ட மனேஜரான துரை, அங்கிருந்து பங்களாவுக்குக் குதிரையில் போனார். குதிரைக்கு லாயம், பராமரிக்கக் குதிரைக்காரர் என்று ஒவ்வொரு பெரிய தோட்டத்திலும் ஏற்பாடு இருந்தது. கார் வந்த பிறகு பெரிய துரை காருக்கு மாறினார். துணை மனேஜரான சின்னத் துரைக்கு வந்தது மோட்டார் சைக்கிள். பீஎஸ்ஏ, டிரையம்ப், நோர்ட்டன் என்று இங்கிலாந்திலிருந்து இறங்கிய கனத்த இரும்பு வண்டிகள் அவை. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்கும்போது, இரண்டு வளைவு தூரத்திலேயே அந்தச் சத்தம் கேட்டுவிடும். அதற்குள் கங்காணி ஆட்களை ஒழுங்காக நிறுத்திவிடுவார். தோட்டத்துக்குள் மோட்டார் சைக்கிள் முதன்முதலாக நுழைந்தது மேற்பார்வைக்கான கருவியாகத்தான். எந்த மலையில் யார் நிரை பிந்தியது என்று ஒரே காலையில் நான்கு டிவிஷனையும் சுற்றிப் பார்த்துவிட அது துரைமாருக்கு உதவியது.

வாகனத்திலும் ஒரு படிவரிசை இருந்தது. துரைக்குக் கார் அல்லது ஜீப். சின்னத் துரைக்கு மோட்டார் சைக்கிள். தோட்டக் கண்டக்டருக்கும் கிளாக்கருக்கும் சைக்கிள். பின்னாளில் தோட்டக் கடனில் ஒரு சிறிய பைக். கணக்கப்பிள்ளையும் கங்காணியும் தொழிலாளியும் கால்நடையாகத்தான். பங்களாவைத் தாண்டும்போது குடையை மடக்க வேண்டும், சைக்கிளில் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்ற வழக்கத்தைப் பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள். பாதை தோட்டத்துக்குச் சொந்தம். பாதையில் யார் எப்படிப் போவது என்பதும் தோட்டத்தின் தீர்மானம். தொழிற்சங்கக்காரர்களை உள்ளே விடாமல் தடுக்க அத்துமீறல் சட்டத்தைத் தோட்ட நிர்வாகங்கள் பயன்படுத்திய காலம் அது. அந்தப் பாதையில் ஒரு தொழிலாளியின் மகன் சொந்த மோட்டார் சைக்கிளில் ஏறி வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

1958 ஜனவரியில் பஸ் சேவைகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. பஸ் பெரிய ரோட்டோடு நின்றுகொண்டது. அவிசாவளையிலிருந்து கித்துல்கலைப் பக்கம் போகும் ரோட்டிலும், கேகாலையிலிருந்து புளத்கொஹுபிட்டிய வழியாகக் கரவனல்லைக்கு வரும் ரோட்டிலும், பெல்மதுளையிலிருந்து பிரிந்து போகும் ரோடுகளிலும் சந்திக்குச் சந்தி இறங்கி மேலே நடந்தார்கள். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் சந்திக் கடை வாங்கில் இரவைக் கழிக்க வேண்டியதுதான். பிரசவ வலி கண்ட பெண் கொழுந்து லொறியில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். லொறி தேயிலை ஸ்டோருக்குப் போயிருந்தால் கம்பளியில் ஏணை கட்டி நான்கு பேர் தூக்கினார்கள். இந்தக் கதை இல்லாத லயம் ஒன்றைச் சப்ரகமுவவில் காண்பது கடினம்.

ஹொண்டா நிறுவனம் சுப்பர் கப் என்ற சிறிய வண்டியை 1958இல் ஜப்பானில் வெளியிட்டது. கையில் கிளச் இல்லை, காலுக்குச் சேறு தெறிக்காத முன் தகடு, சின்ன நாலு ஸ்ட்ரோக் எஞ்ஜின். ஆசியா முழுவதும் சாதாரண மனிதரை மோட்டாரில் ஏற்றியது அந்த வண்டிதான். 2017இல் அந்த வரிசையின் உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. இலங்கைக்கோ அந்த அலை தாமதமாகத்தான் வந்தது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி இறுக்கமாக இருந்தது. அதைவிடத் தோட்டத்து ஆளுக்கு முன்னால் இன்னொரு சுவரும் நின்றது.

அந்தச் சுவர் பத்திரம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிச்சம் 1,50,000 பேரின் விடயம் பின்னுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டபோது, குடியுரிமையும் பிறப்புச் சான்றிதழும் இல்லாத குடும்பங்கள் அதற்கு வெளியே நின்றன. சாரதி அனுமதிப்பத்திரம், வாகனப் பதிவு, வங்கிக் கடன் என்று எந்தக் கவுண்டருக்குப் போனாலும் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான். நாடற்ற நிலைக்குச் சட்டத்தால் முடிவு கட்டியது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். ஆகவே ஒரு தோட்டத்து இளைஞர் தன் பெயரில் ஒரு பைக்கைப் பதிவு செய்தார் என்றால், அதற்குப் பின்னால் 55 வருடப் போராட்டம் இருக்கிறது. சப்ரகமுவத் தோட்டங்களில் மோட்டார் சைக்கிள் பெருகிய காலமும் இந்தச் சட்டம் வந்த காலமும் ஒன்றையொன்று ஒட்டி வருவது தற்செயலாகத் தோன்றவில்லை.

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. ஜப்பானில் ஓடி, மீளச் சீர்செய்யப்பட்ட வண்டிகள் கொழும்பில் வந்து இறங்கின. ஹொண்டா சீடி 90, சீடி 125, எம்டி 90, சின்னச் சக்கரத்துச் சாலி. இவற்றில் எம்டி 90க்கு மலைநாட்டில் தனி மரியாதை. ஜப்பானியத் தபால்காரருக்காகச் செய்த வண்டி அது. கடிதப் பையைச் சுமந்துகொண்டு வாசலுக்கு வாசல் நின்று நின்று போவதற்காகக் கியரும் தாங்கியும் பலமாக அமைந்திருந்தன. தோட்டத்துப் பாதைக்கும் அதுவே வேண்டியிருந்தது. ஆனால் வாங்கியவர்கள் கண்டக்டர், டீமேக்கர், தோட்டத்து டிஸ்பென்சர், டவுன் கடைக்காரர், ஒன்றிரண்டு ஆசிரியர்கள். நாட்சம்பளக்காரருக்கு அது இன்னும் எட்டவில்லை.

பொருளாதாரம் திறந்த அதே வருடங்களில் பாதையின் மேல் பயமும் வந்து படிந்தது. 1977இல் தமிழருக்கெதிராக நடந்த கலவரத்துக்குப் பின் 1981 ஓகஸ்ட்டில் இரத்தினபுரி, கஹவத்தை, றக்குவானை, பலாங்கொடைப் பக்கத் தோட்டங்கள் தாக்கப்பட்டன. லயங்கள் எரிந்தன. 1983 ஜூலையில் மறுபடியும். பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்விட்டன. போனவர்களில் பலர் திரும்பவில்லை. தங்கியவர்களுக்கு இருட்டிய பிறகு கிராமத்தைக் கடந்து போவது பல வருடம் யோசிக்க வேண்டிய காரியமாயிற்று. சப்ரகமுவத் தோட்டங்களில் வண்டி பரவியது பிந்தியதற்கு வறுமையை மட்டும் காரணம் சொன்னால் பாதிக் கதைதான் சொன்னதாகும்.

இந்திய வண்டி வந்த பிறகுதான் கணக்கு மாறியது. எண்பதுகளிலேயே பஜாஜ் வண்டிகள் இங்கே விற்பனைக்கு வந்திருந்தன. முதலில் ஸ்கூட்டரும் முச்சக்கர வண்டியும், பிறகு கவாசாக்கித் தொழில்நுட்பத்தில் செய்த மோட்டார் சைக்கிள்கள். இந்தியாவில் 1985இல் வந்த ஹீரோ ஹொண்டா சீடி 100, 1994இல் வந்த ஸ்பிளெண்டர், 2004இல் வந்த பஜாஜ் சீடி 100 ஆகிய மூன்றும் கிட்டத்தட்ட ஒரே சிந்தனையில் பிறந்தவை: 100 சீசீக்குள் ஒரு நாலு ஸ்ட்ரோக் எஞ்ஜின், பெரிய சக்கரம், நீண்ட சீட், குறைந்த பெற்றோல். இந்த 100 சீசீ எல்லைக்கு இலங்கையில் இன்னொரு பயனும் உண்டு. 100 சீசீக்கு மேற்படாத வண்டிக்கு ஏ1 வகுப்பு அனுமதிப்பத்திரம் போதும். அதற்கு மேற்பட்டால் ஏ வகுப்பு வேண்டும்.

தோட்டத்துக்காரர் இந்த வண்டியைக் கடையில் இருந்தபடியே மேலே கொண்டுபோவதில்லை. கீழே டவுனில் இருக்கும் மெக்கானிக் பாஸ் அதற்குச் சில வேலைகள் செய்வார். சங்கிலிப் பல்சக்கரங்களில் முன்னதை ஒரு பல் குறைத்துப் போடுவார். தார் ரோட்டில் வேகம் கொஞ்சம் குறையும், ஏற்றத்தில் இழுவை கூடும். எஞ்ஜினுக்கு அடியில் கல் அடிக்காமல் இரும்புத் தகடு. முன் மட்காட்டுக்கு நீட்டிய ரப்பர்த் துண்டு. இடதுபக்கம் சேலை சிக்காமல் இருக்கக் கம்பி வலை. அதிலேயே கறிக்காய்ப் பையும் தொங்கும். பின் ஷொக் அப்சோபரை மிகவும் இறுக்கமான நிலைக்குத் திருப்பிவைப்பது வழக்கம், ஏனெனில் அந்த வண்டி ஒருபோதும் ஒருவரை மட்டும் சுமக்கப் போவதில்லை. இறங்கும்போது யாரும் நியூட்ரலில் விடுவதில்லை. இரண்டாம் கியரில் போட்டு, பெற்றோலைக் கொடுக்காமல், எஞ்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி இறங்குவார்கள். டிரம் பிரேக்கை நம்பி முழு மலையையும் இறங்கினால் பாதியில் அது சூடேறிப் பிடியைவிடும் என்பதை ஒவ்வொரு தகப்பனும் மகனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

வண்டியை மேலே ஏற்றியது லீசிங். அடையாள அட்டை, வருமானத்துக்குச் சான்று, ஒரு பிணையாளர், கொஞ்சம் முற்பணம். அதிகமாக உதைத்தது முகவரி. லயத்து வீட்டுக்குத் தனி இலக்கமோ வீதிப் பெயரோ கிடையாது. கடிதமெல்லாம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து சேரும். நேரம் கடந்து கையில் கிடைத்த நேர்முகத் தேர்வுக் கடிதங்களைப் பற்றிய கசப்பு மலையகம் முழுவதும் உண்டு. லீசிங் கம்பனிக்கும் இதே முகவரிதான் போனது. வீட்டைத் தேடி வந்த அலுவலர் மலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிய கதைகளும் உண்டு. சீட்டுப் பிடித்து, நகையை அடகு வைத்து, கொழும்பில் கடையில் நிற்கும் தம்பியின் சம்பளத்தைச் சேர்த்துத்தான் பல வீடுகளில் முற்பணம் திரண்டது. மாதத் தவணை பிந்தினால் வண்டி போய்விடும். அப்படி வண்டியை இழந்த குடும்பங்களின் துயரம் இந்த வரலாற்றின் ஒரு பகுதி. அதை விட்டுவிட்டு எழுதுவது நேர்மையாகாது.

இத்தனைக்கும் பிறகு ஏன் வாங்கினார்கள்? ஏனென்றால் வேலை தோட்டத்தை விட்டு வெளியே போய்விட்டது. 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனது. நிரந்தர வேலையும் வேலை நாளும் குறையத் தொடங்கின. ஆண்கள் வெளியே வேலை தேடினர்: நிவித்திகலை, பெல்மதுளைப் பக்கம் மாணிக்கக் குழிகளில், கட்டட வேலையில், அவிசாவளையில் சீதாவக்க ஏற்றுமதி வலயத் தொழிற்சாலைகளில், கிராமத்துச் சிறு இறப்பர்த் தோட்டங்களில். பால் வெட்டும் வேலை விடியுமுன் தொடங்க வேண்டும்; வெயில் ஏறினால் மரம் விடும் பால் குறைந்துவிடும். விடியற்காலை நான்கு மணிக்குப் பஸ் இல்லை. தெஹியோவிட்ட, தெரணியகலைப் பக்கங்களில் நெற்றி விளக்கும் கத்தியும் வாளியுமாக இருட்டில் இறங்கும் பைக்குகளுக்கு இதுவே காரணம். வெட்டிய பாலின் ஒரு பகுதி டயராகித் திரும்பியும் வருகிறது. களனியில் 1967இல் அரசு டயர்க் கூட்டுத்தாபனத் தொழிற்சாலை திறந்தது. இன்று தனியார் கையில் இருக்கும் அந்த ஆலையில் மோட்டார் சைக்கிள் டயரும் செய்கிறார்கள்.

2015இல் நாடு முழுவதும் சுமார் 3 இலட்சத்து 70 ஆயிரம் புதிய மோட்டார் சைக்கிள்கள் பதிவாயின. இலங்கையில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்தான். அதற்கு முந்தின வருடம் அரசாங்கம் கள உத்தியோகத்தர்களுக்குச் சலுகை விலையில் பைக் கொடுத்தது. கிராம உத்தியோகத்தர் வண்டியில் தோட்டத்துக்கு ஏறி வந்தார். அதே காலத்தில் தோட்டப் பாடசாலைகளுக்கு நியமனம் பெற்ற ஆசிரிய உதவியாளர்களுக்கு மாதம் 6,000 ரூபாய்தான் கொடுப்பனவு. பிறகு அது 10,000 ஆனது. அதில் சாப்பாடும் பஸ் காசும் போக வண்டிக்கு எங்கே போவது? சந்தியில் இறங்கி ஐந்து கிலோமீற்றர் நடந்து வகுப்புக்குப் போன அந்த உதவியாளர்கள்தான், சம்பளம் நிரந்தரமான கையோடு ஸ்கூட்டர் வாங்கிய முதல் வரிசையில் நின்றார்கள்.

ஸ்கூட்டரின் வரலாறு பெண்களின் வரலாறு. எண்பதுகளின் பஜாஜ் ஸ்கூட்டர் ஆணின் வண்டி. கையில் கியர், கனமான உடல். 2003இல் இந்தியாவில் வந்த டீவீஎஸ் ஸ்கூட்டி பெப் எடை குறைந்தது, கியர் இல்லாதது, சீட் தாழ்வானது. சேலையோடும் பாவாடையோடும் ஏறலாம். முன் தட்டில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் நிற்கும். பாடசாலைப் பை நிற்கும். இன்று எந்தக் கம்பனி வண்டியானாலும் மலையகத்தில் அது ஸ்கூட்டிதான். ஆசிரியை, குடும்பநல மாது, முன்பள்ளி நடத்தும் பெண், தொழிற்சாலைக் கண்காணிப்பாளர் என்று தோட்டத்து மகள்கள் அதில் ஏறினார்கள். மாலை மங்கியதும் சந்தியில் அண்ணன் வந்து நிற்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்த பெண், தன் வண்டியில் தானே வீட்டுக்கு வரத் தொடங்கினாள். எந்தச் சம்பளக் கூட்டு ஒப்பந்தமும் கொண்டுவராத மாற்றம் அது.

ஆனால் மலை ஸ்கூட்டரை இலேசில் ஏற்றுக்கொள்வதில்லை. பழைய ஸ்கூட்டர்களின் சக்கரம் 10 அங்குலம். இரண்டு கருங்கல்லுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் அது முழுதாக இறங்கிவிடும். 17, 18 அங்குலச் சக்கரமுள்ள பைக் அதன் மேல் உருண்டு போகும். இன்னொன்று, இறக்கம். கியர் இல்லாத ஸ்கூட்டரில் எஞ்ஜினையும் சக்கரத்தையும் இணைக்கும் கிளச், வேகம் குறைந்ததும் தானாகவே விட்டுவிடும். மெதுவாக இறங்கும்போது எஞ்ஜின் பிடிப்பு இல்லை. முழுப் பாரமும் பிரேக்கில். அதனால் பல தோட்டங்களில் ஸ்கூட்டரைக் கீழே கோயிலடியிலோ தெரிந்த கடையிலோ நிறுத்திவிட்டு மேலே நடப்பார்கள். அண்மைக்காலப் பெரிய ஸ்கூட்டர்கள், 125 சீசீ எஞ்ஜினும் 12 அங்குலச் சக்கரமும் முன் டிஸ்க் பிரேக்கும் உள்ளவை, இந்தக் குறையில் ஒரு பங்கைத் தீர்த்திருக்கின்றன. விலையும் எடையும் அதற்கேற்பக் கூடியிருக்கின்றன. ஈரப் பாதையில் சரிந்தால் அதைத் தனியே தூக்கி நிறுத்துவது எல்லாருக்கும் முடிகிற காரியமில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. பழைய வண்டியின் விலை புதிய வண்டியின் விலையைத் தாண்டிப் போனது. இரண்டு வருடத்தில் பெற்றோலே இல்லாமல் போயிற்று. 2022 ஏப்ரல் 19ஆம் திகதி, 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 254 ரூபாயிலிருந்து 338 ரூபாயாக ஏறிய அன்று, கேகாலை மாவட்டத்து றம்புக்கனையில் எரிபொருள் கேட்டு ரயில் பாதையை மறித்த மக்கள் மீது பொலிஸ் சுட்டது. ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர். ஜூன் மாத இறுதியில் விலை 470 ரூபாய். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் அப்போது 1,000 ரூபாய். ஒரு நாள் உழைப்புக்கு இரண்டு லீற்றரும் சொச்சமும்.

ஓகஸ்ட்டில் எரிபொருளைப் பங்கிடக் கியூஆர் அட்டை நடைமுறைக்கு வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர். லீற்றருக்கு 60 கிலோமீற்றர் ஓடும் 100 சீசீ வண்டி, 4 லீற்றரில் 240 கிலோமீற்றர் போகும். நாளுக்கு முப்பது கிலோமீற்றர் வேலைக்குப் போய் வருபவருக்கு அது தாங்கும். ஆசைப்பட்டு 150, 200 சீசீ வாங்கியவர்கள் அந்த மாதங்களில் பஸ்ஸுக்கு நின்றார்கள். முச்சக்கர வண்டியை நம்பிப் பிழைத்த இளைஞர்களின் பாடு அதைவிட மோசம். சாதுவான அந்த 100 சீசீ வண்டிக்கு மலையில் மறுபடி கிராக்கி வந்தது அப்போதுதான்.

பத்திரச் சிக்கல் இங்கேயும் குறுக்கே வந்தது. கியூஆர் பெற அடையாள அட்டை இலக்கமும் வண்டியின் செசி இலக்கமும் வேண்டும். தொடக்கத்தில் ஒரு அட்டைக்கு ஒரு வாகனம் மட்டும். தோட்டங்களில் ஓடும் பழைய பைக்குகளில் நிறைய, 'ஓபன் பேப்பரில்' கைமாறியவை. விற்றவர் திகதியிடாமல் கையெழுத்திட்ட மாற்றப் படிவம் மட்டும் கையில் இருக்கும். பதிவுப் புத்தகத்தில் பெயர் வேறு யாருடையதோ. அந்தப் பெயர்க்காரரைத் தேடி அலைந்தவர்கள் பலர். அதன் பிறகு பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் எஞ்ஜின் சத்தத்தைக் கேட்பதற்கு முன் புத்தகத்தைக் கேட்கிறார்கள். 2023 செப்டம்பர் முதலாம் திகதியோடு கியூஆர் முறை நின்றது. அந்தப் பழக்கம் நிற்கவில்லை. நல்லதுதான்.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்தது. புதிய வண்டிகள் கடைகளுக்கு வந்தன. முந்தின வருடம் தீர்மானித்த 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில் மாதம் 25 நாள் வேலை கிடைத்தாலும், ஒரு வருட முழுச் சம்பளம் சாதாரண 100 சீசீ வண்டிக்கும் காணவில்லை. ஆகவே லீசிங்கும் சீட்டும் நகையும் தொடர்ந்தன.

பாதைக்கு என்ன ஆயிற்று? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் தோட்டத்தைத் தனியார் நிலமாகவே பார்த்தது. வாக்குப் போட்ட தோட்டத்து மக்களுக்காக அவர்கள் பாதையில் சபைப் பணத்தைச் செலவிடச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. உறுப்பினராகத் தோட்டத்து ஆளே தெரிவானாலும் இதுதான் நிலை. 2018இல் வந்த திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. 31 வருடம் என்பது ஒரு தலைமுறை. அந்தத் தலைமுறை முழுவதும் தன் ஷொக் அப்சோபரிலும் முதுகெலும்பிலும் அந்தச் சட்டத்தின் விலையைக் கொடுத்தது. அதன் பின்னரும் வேலை ஒரே சீராக நடக்கவில்லை. சில டிவிஷன்களுக்கு இரண்டு சக்கரத் தடத்துக்கு மட்டும் கொங்கிரீட் பட்டி விழுந்திருக்கிறது, சிலவற்றுக்குச் செங்குத்தான வளைவுகளில் மட்டும். பல இடங்களில் வெள்ளைக்காரர் காலத்துக் கல்லடுக்கே இன்னும் இருக்கிறது. மண்சரிவில் அதுவும் அரித்துப் போகிறது. கொங்கிரீட் போட்ட லயங்களில் ஸ்கூட்டிகள் வாசல் வரை வருகின்றன; பெண்கள் தனியே வேலைக்குப் போய் வருகிறார்கள். கல் கிடக்கும் லயங்களில் இன்றும் பைக்தான் ஏறுகிறது, ஓட்டுபவர் பெரும்பாலும் ஆண்தான். பிரதேச சபைகள் அடுத்த பாதையை எங்கே போடுவது என்று தீர்மானிக்கும்போது, எந்தச் சந்தியில் ஸ்கூட்டிகள் நிறுத்திவைக்கப்படுகின்றன என்று எண்ணிப் பார்த்தாலே எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.